குறையுள்ள மனிதர்களின் அரசியலிடம் நீதியைக் கேட்கலாமா?

மும்பையின் பெரிய குடிசைப் பகுதியான தாராவியிலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மறுசீரமைப்புக்காகக் கணக்கெடுக்க வந்தவர்கள் அவர் வீட்டை அளந்து, கதவில் ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். "எவன் வந்தாலும் இதே கதைதான், நீ உன் பொழப்பைப் பாரு" என்கிறாராம் அப்பா. தம்பியின் கேள்வி அங்கிருந்து கிளம்புகிறது. மனிதன் என்றால் ஆசை, பயம், சொந்தபந்தம் எல்லாம் இருக்கும். அப்படிப்பட்டவர்கள்தான் கட்சியிலும் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு எதை வைத்து நீதி செய்வது அரசியலின் கடமை என்று சொல்வது? முடியாத ஒன்று எப்படிக் கடமையாகும்?

மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. நான் தாராவிக்குப் பக்கத்தில் சயானில் வழக்கறிஞராக இருக்கிறேன். முப்பது வருடமாகக் குடிசை வழக்குகள்தான் என் வேலை. அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். அரசியல்வாதி, அதிகாரி, நீதிபதி, நம் ஆட்கள் என்று எல்லாரையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மனிதன் குறையுள்ளவன் என்பதில் தம்பியும் நானும் ஒரே கட்சி. அதிலிருந்து எங்கே போய்ச் சேருகிறோம் என்பதில்தான் பிரிகிறோம்.

ஊரில் அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒற்றுமையாக இருக்கிற நாளிலேயே பத்திரம் எழுதி, எல்லைக்கல் நட்டு, கிணற்றுத் தண்ணீரில் யாருக்கு எந்த முறை என்று எழுதிவைக்கச் சொல்வார்கள் பெரியவர்கள். "எங்களுக்குள்ள எதுக்குப் பத்திரம்?" என்று கேட்டால், "நாளைக்கு உன் பிள்ளையும் அவன் பிள்ளையும் நிப்பாங்க" என்பார்கள். அவர்கள் அண்ணனை அயோக்கியன் என்று நினைத்து அதைச் சொல்வதில்லை. மனிதனுக்கு மறதி வரும், மழை பொய்த்த வருடம் தண்ணீர் மேல் ஆசை வரும் என்று தெரிந்து சொல்கிறார்கள். அரசியலிடம் நான் கேட்பதும் இந்த வேலையைத்தான். எல்லாரும் நியாயவான்களாக இருந்துவிட்டால் நோட்டீஸ் எதற்கு, மேல்முறையீடு எதற்கு? நம்மிடம் குறை இருப்பதால்தான் இந்தக் கடமையே பிறக்கிறது. குறையே இல்லாத நீதி முடியாது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதிக்கப்பட்டவர் வந்து பேசுவதற்கு ஒரு இடம் கொடுப்பது முடியும். செய்த தவறைத் திருத்த ஒரு வழி வைப்பது முடியும். முடிகிறதைச் செய்யாமல் இருப்பதற்கு, முடியாததைச் சாக்காகச் சொல்லக் கூடாது.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு முன்பு ஒரு சிறிய குடிசைப் பகுதியில் மாற்று வீட்டுக்காகக் குடியிருப்போர் சங்கம், அதாவது சொசைட்டி அமைத்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதும் குழுவில் நானும் இருந்தேன். மே மாதம், மதியம் இரண்டு மணி இருக்கும். ஒரு கதவு பூட்டியிருந்தது. இரண்டு முறை தட்டிவிட்டு, தாளில் "பூட்டியுள்ளது" என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அந்த வீட்டில் இருந்தவர் விடியற்காலையில் இட்லி அவித்து விற்கிற ஒரு அக்கா. தாயார் இறந்ததற்காக ஊருக்குப் போயிருந்தார். பல மாதம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். இங்கே அதை அனெக்சர் என்போம். யார் வீடு பெறத் தகுதியானவர், யார் தகுதியற்றவர் என்பது அதில் இருக்கும். மராத்தியில் பாத்ர, அபாத்ர என்று போடுவார்கள். அந்த அக்காவின் பெயருக்கு நேரே அபாத்ர என்று இருந்தது. நம் ஊரில் 'அபாத்திர தானம்' என்று சொல்வோமே, கொடுக்கத் தகாதவனுக்குக் கொடுத்தது, அதே சொல். பதினெட்டு வருடம் அதே இடத்தில் அடுப்பு எரித்த ஒரு பெண்ணுக்கு அந்தச் சொல்லை வாங்கிக்கொடுத்தது என் கையெழுத்து.

நான் லஞ்சம் வாங்கவில்லை. அவர் மேல் எனக்குப் பகையும் இல்லை. வெயில், பசி, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரம், அவ்வளவுதான். அந்த நாளிலிருந்துதான் எனக்கு ஒன்று உறைத்தது. அநியாயத்தில் பெரும்பகுதி கெட்டவர்கள் செய்வதில்லை. களைத்துப்போனவர்கள் செய்வது, கேட்க மறந்தவர்கள் செய்வது. நல்லவர்களை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அதனால்தான் போதாது. நல்லவனுக்கும் மதியம் இரண்டு மணி வரும். பட்டியலை ஒட்டிய பிறகு ஆட்சேபணை சொல்ல நாள் கொடுக்கும் விதி இருந்ததால்தான் அந்த அக்காவுக்கு ஒரு வாசல் கிடைத்தது. அந்த விதியும் தானாக முளைத்ததில்லை. நமக்கு முன்னால் சிலர் தெருவில் நின்று வாங்கிக்கொடுத்தது.

எப்படி வாங்கினார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் நம் ஆட்களுக்கும் பங்கு உண்டு.

1981 ஜூலை 13 அன்று மகாராஷ்டிர முதல்வராக இருந்த அந்துலே ஒரு அறிவிப்பு செய்தார். பம்பாயின் நடைபாதைவாசிகளையும் குடிசைவாசிகளையும் அகற்றி, அவரவர் ஊருக்கே அனுப்பிவிட வேண்டும் என்றார். கொட்டுகிற மழைக்காலம். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் ஒருவர் சேலத்துக்காரர், நிலம் இல்லாத கூலித் தொழிலாளி. ஊரில் பஞ்சம் வந்து வேலை போய், 1961-ல் பம்பாய்க்கு வந்தவர். மேற்கு விரைவுச் சாலையோரம் பிளாஸ்டிக்கும் தார்ப்பாயும் கட்டிய ஒரு இடத்துக்கு, அந்தப் பகுதி தாதாவிடம் 2,500 ரூபாய் கொடுத்திருந்தார். வழக்கில் இன்னொரு தொகுதி மனுதாரர்கள் அதே சாலையோரக் குடியிருப்பான காமராஜ் நகரைச் சேர்ந்தவர்கள். பெயரைப் பார்த்தாலே யார் குடியேறிய இடம் என்று தெரிகிறது. அங்கே தண்ணீர்க் குழாய் பதிக்க வந்த தொழிலாளர்கள் 1960 வாக்கில் போட்ட குடிசைகள்தான் அந்தக் குடியிருப்பு. நகரத்துக்குக் குழாய் போட்டவர்களை நகரம் வெளியே போகச் சொன்னது.

ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளரும் மனுதாரராக இருந்ததால் அவர் பெயராலேயே வழக்கு நிலைத்துவிட்டது. 1985 ஜூலை 10 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பு வந்தது. எழுதியவர் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட். உயிர் வாழும் உரிமை என்றால் பிழைப்புக்கான உரிமையும் அதில் அடக்கம், பிழைப்பைப் பறித்தால் உயிரைப் பறித்ததற்குச் சமம் என்றது தீர்ப்பு. நடைபாதையில் குடியேறியவர்கள் ஆசைப்பட்டு அங்கே வரவில்லை, வேறு வழியில்லாமல் வந்தார்கள் என்றும் சொன்னது.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்த பகுதி வேறு. "நோட்டீஸ் கொடுத்து என்ன ஆகப்போகிறது? நடைபாதையை ஆக்கிரமித்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, அவர்கள் என்ன பதில் சொல்லிவிட முடியும்?" என்பது மாநகராட்சித் தரப்பின் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒருவர் வாழ்க்கையைப் பாதிக்கும் முடிவை எடுக்கும் முன் அவரைப் பேசவிட வேண்டும், முடிவு மாறாவிட்டாலும் பேசவிடுவதற்கே ஒரு மதிப்பு உண்டு என்றது. நம் கேள்விக்கான பதில் இந்த இடத்தில் இருக்கிறது தம்பி. 'எனக்கு எல்லாம் தெரியும், நீ சொல்ல என்ன இருக்கிறது' என்று நினைப்பது எவருக்கும் வரும் குறை. அதிகாரம் கையில் இருக்கும்போது இன்னும் வேகமாக வரும். அந்தக் குறைக்கு மருந்தாக, கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று சட்டத்தில் எழுதிவைக்கிறோம். அன்றைக்கு என்னை யாராவது 'மறுபடி ஒரு முறை போய்க் கேள்' என்று கட்டாயப்படுத்தியிருந்தால், அந்த அக்காவுக்கு வருடக்கணக்கில் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

சரி, அந்த வழக்கில் குடிசைவாசிகள் ஜெயித்தார்களா? இல்லை. நடைபாதையில் குடியிருக்க யாருக்கும் உரிமை இல்லை, அகற்றலாம் என்றுதான் முடிந்தது. மழை முடிந்து 1985 அக்டோபர் 31 வரை கைவைக்கக் கூடாது என்றார்கள். 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்றிடம் தர வேண்டும், 20 வருடத்துக்கு மேல் இருந்து மேம்படுத்தப்பட்ட குடிசைப் பகுதிகளைப் பொதுத் தேவை இல்லாமல் இடிக்கக் கூடாது என்றும் சில பாதுகாப்புகள் கிடைத்தன. பிழைப்புக்கான உரிமை உண்டு என்று சொல்லிக்கொண்டே குடிசையை இடிக்க அனுமதித்த தீர்ப்பு அது. எனக்கு இன்றும் அது வலிக்கிறது. ஆனால் நான் இதுவரை எழுதிய ஒவ்வொரு தடை மனுவிலும் அந்தத் தீர்ப்பின் வரிகள்தான் எனக்குக் கைப்பிடி. தோற்றவர்கள் விட்டுப்போனதை வைத்துக்கொண்டுதான் அடுத்த தலைமுறை நோட்டீஸ் கேட்டது, கூடுதல் நாள் கேட்டது, மாற்று வீடு கேட்டது.

இன்னும் ஒன்று சொன்னால் மனிதக் குறை என்பது எவ்வளவு ஆழம் என்று புரியும். இதே சந்திரசூட் ஒன்பது வருடம் முன்பு என்ன செய்தார் தெரியுமா? 1976 ஏப்ரல் 28, நெருக்கடி நிலைக் காலம். விசாரணை இல்லாமல் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போடலாமா என்பது கேள்வி. போட முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். அந்த நால்வரில் அவரும் ஒருவர். எதிர்த்து எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான். அதற்கு அவர் கொடுத்த விலை, அடுத்த வருடம் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போனது.

நெருக்கடி நிலை முடிந்தபின், 1978-ல் அரசியலமைப்பின் 44-வது திருத்தம் வந்தது. எந்த நெருக்கடியிலும் உயிர் வாழும் உரிமைக்காக நீதிமன்றம் போவதைத் தடுக்க முடியாது என்று நாடாளுமன்றம் எழுதிவைத்தது. அதைச் செய்தவர்களும் அரசியல்வாதிகள்தான், தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு சீக்கிரமே உடைந்துபோன ஒரு கூட்டணி. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றம் 1976 தீர்ப்பு தவறு என்று வெளிப்படையாகச் சொல்லி அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பின் முதன்மைப் பகுதியை எழுதியவர் ஒய்.வி. சந்திரசூட்டின் மகன் டி.ஒய். சந்திரசூட். திருத்த 41 வருடம் ஆனது. நீளம்தான். ஆனாலும் ஒரே மனிதர் ஒரு நாள் உயிர் வாழும் உரிமையைக் கைவிடுகிறார், இன்னொரு நாள் அதை விரிக்கிறார் என்றால், அந்த உரிமையைத் தனிமனிதரின் நல்ல மனதில் மட்டும் பத்திரப்படுத்தி வைக்க முடியாது என்றுதானே அர்த்தம்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தங்களிடம் குறையே இல்லை, தாங்கள் செய்வதெல்லாம் நாட்டு நன்மைக்கு என்று நம்புகிறவர்கள் செய்யும் சேதம். மான்கூர்ட் பக்கம் ஜனதா காலனி என்று ஒன்று இருந்தது. சுமார் 70,000 பேர், தமிழர்கள் நிறைய. பக்கத்தில் இருந்த அணு ஆராய்ச்சி மையத்துக்கு இடம் வேண்டும் என்று, நெருக்கடி நிலையில், 1976-ல் இடித்துத் தள்ளினார்கள். நாட்டுக்காக என்று சொன்னால் வேறு யாரையும் கேட்கத் தேவையில்லை என்ற துணிச்சல் அது. அந்த மக்களைக் கொண்டுபோய் விட்ட இடம்தான் இன்றைய சீத்தா கேம்ப். அவர்களுக்காக நின்றவர் ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்து சின்ன வயதில் பம்பாய் வந்த தமிழர். காலனியில் குப்பை அள்ள மாநகராட்சி வராதபோது, பிள்ளைகளிடம் ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைக் கொடுத்து மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்ட வைத்தவர். ஜனதா காலனியை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அங்கே தொடங்கிய வேலை தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பாக வளர்ந்தது. குடிசைவாசிகள் தங்களைத் தாங்களே எண்ணி, வரைபடம் போட்டு, அரசின் கணக்கோடு வைத்துப் பேசும் பழக்கத்தை அவர்கள் பல நாடுகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 2000-ல் ஜோக்கினுக்கு மகசேசே விருது வந்தது. அவரும் குறையில்லாத மனிதர் இல்லை, கோபக்காரர் என்பார்கள். அதனால் என்ன?

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தாதர் இந்து காலனியில் அம்பேத்கர் கட்டிய ராஜகிருகம் இருக்கிறது. இந்த ஊரில் இருந்துகொண்டு அவரைப் பேசாமல் இந்தக் கேள்வியை முடிக்க முடியாது. 1949 நவம்பர் 25 அன்று அரசியலமைப்பு அவையில் பேசும்போது, அரசியலமைப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதை நடத்துகிறவர்கள் மோசமானால் அதுவும் மோசமாகிவிடும் என்றார். தம்பியின் அப்பா இதைக் கேட்டால், "நான் சொன்னது அதைத்தானே" என்பார். ஆனால் அம்பேத்கர் அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. அதே உரையில், பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் அது சர்வாதிகாரத்துக்கு வழி என்று எச்சரித்தார். அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வும் சேர்ந்த முரண்பாட்டுக்குள் 1950 ஜனவரி 26 அன்று நுழைகிறோம் என்றார். அதற்கு ஒரு வருடம் முன்பே, இந்திய மண் அடிப்படையில் ஜனநாயகமற்றது, ஜனநாயகம் அதன் மேல் தூவிய மேலுரம் மாதிரிதான் என்றும் சொல்லியிருந்தார். மண்ணைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர், அந்த மண்ணில்தான் விதைத்தார். பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் பானையைத் தொட விடாத மனிதர்களைச் சின்ன வயதிலேயே பார்த்தவர் அவர். மனிதக் குறையைப் பற்றி நீங்களோ நானோ அவருக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

சாப்பாட்டு விஷயத்தைப் பாருங்கள், இது சீக்கிரம் சொல்லிவிடலாம். 1956-ல் காமராஜர் ஆட்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு விரிவடைந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார். ஓட்டுக்காக என்றார்கள், இருக்கட்டும். 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது. 2013-ல் அது சட்டமாகவே வந்தது. ஒரு தலைவரின் கருணையாக விரிந்த ஒன்று, எந்தத் தலைவரையும் கும்பிடாமல் கேட்கக்கூடிய உரிமையானது. இடையில் வந்தவர்களில் எத்தனை பேர் சுத்தமானவர்கள் என்று கணக்குப் பார்த்தால் தட்டில் சோறு விழுந்திருக்காது.

எல்லாம் இப்படி நல்லபடியாகவே முடியும் என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மதக் கலவரத்தில் இந்த நகரம் எரிந்தது. தாராவியும் எரிந்தது. 900 பேர் செத்தார்கள். அதை விசாரித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தை 1996 ஜனவரியில் மாநில அரசு கலைத்தது, சில மாதத்தில் மறுபடி அமைத்தது. 1998 பிப்ரவரியில் அவர் அறிக்கை கொடுத்தார். அரசு அதன் முக்கிய முடிவுகளை ஏற்கவில்லை. பெயர் குறிப்பிடப்பட்டவர்களில் பெரும்பாலோர் தண்டனை எதுவும் பெறவில்லை. இந்தக் கடனை இந்த நகரத்து அரசியல் இன்னும் அடைக்கவில்லை. கடமை இல்லாத இடத்தில் கடன் என்ற பேச்சே வராது. அந்த அறிக்கையை நினைக்கும்போதெல்லாம் நமக்குக் கோபம் வருகிறதே, அந்தக் கோபம் எதை எதிர்பார்த்து வருகிறது என்று யோசியுங்கள்.

நம் குறையையும் பேசிவிடுவோம். 1966-ல் சிவசேனா தொடங்கியபோது அடி வாங்கியவர்கள் தென்னிந்தியர்கள். அந்தப் பயத்தை என் அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதே நாம், பின்னால் வந்த உத்தரப் பிரதேசத்துக்காரரையும் பீகார்க்காரரையும் "இவனுங்க வந்துதான் இடம் போச்சு" என்கிறோம். சேலத்துக்காரரிடம் 2,500 ரூபாய் வாங்கிய தாதாவைப் போல நம்மிலும் ஆட்கள் இருந்தார்கள். தாராவிக்குள் நம் ஊர்ச் சாதித் தெருக்களையும் கூடவே கொண்டுவந்தோம். இப்போதைய திட்டத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவருக்கு 350 சதுர அடி இலவச வீடு. 2011 ஜனவரி 1 வரை வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே, 2.5 லட்சம் ரூபாய்க்கு. மாடியில் இருப்பவர்களுக்கு வாடகை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் வீடு, அதுவும் வெளியே. கீழே இருக்கும் தமிழர், மாடியில் வாடகைக்கு இருப்பவரின் பெயரைப் பற்றிப் பேசுவதே இல்லை. நமக்குக் கிடைத்தால் போதும் என்று இருக்கிறோம். ஒரு தேதியை வைத்து மனிதனைத் தகுதியானவன், தகுதியற்றவன் என்று பிரிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் அந்தத் தேதி முன்பு 1995 ஜனவரி 1 ஆக இருந்தது, பிறகு 2000 ஆனது, 2011 வரை வந்தவர்களுக்கும் ஏதோ ஒன்று என்று ஆனது. யாரோ விடாமல் தள்ளியதால் நகர்ந்தது. தள்ளியவர்களில் ஓட்டு வேண்டி நின்ற கட்சிக்காரரும் உண்டு, சம்பளமில்லாமல் இரவெல்லாம் மனு எழுதியவர்களும் உண்டு.

அந்த இட்லிக்கார அக்காவுக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லையே. அவர் வீட்டுக்குப் போய், தவறு என்னுடையது என்று சொன்னேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "இப்போ என்ன பண்ணணும், அதைச் சொல்லுங்க" என்றார். பழைய ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது, குடிசைவாசிகளுக்கு அரசு கொடுத்த அடையாள அட்டையான போட்டோ பாஸ் எல்லாம் சேர்த்து மேல்முறையீடு போட்டோம். இரண்டரை வருடம் ஆனது. மூன்று முறை அதிகாரி மாறினார், மூன்று முறையும் முதலிலிருந்து சொன்னோம். கடைசியில் திருத்திய பட்டியலில் 117-க்கும் 118-க்கும் நடுவில் பேனாவால் 117அ என்று எழுதி, பக்கத்தில் அவர் பெயர், அதன் மேல் ஒரு முத்திரை.

தம்பி, உங்கள் கதவில் எழுதிய எண்ணைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். அப்பாவின் பழைய ரேஷன் கார்டைத் தேடி எடுங்கள். மாடியில் இருப்பவரிடமும் அவர் காகிதங்களைச் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். வரைவுப் பட்டியல் ஒட்டுகிற அன்று உங்கள் பெயரைப் பார்த்த கையோடு, உங்கள் சந்தில் யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று பார்த்து அவர்களுக்கு போன் போடுங்கள். ஆட்சேபணைக்குக் கொடுக்கும் நாட்கள் குறைவு.